கருப்பு வெள்ளை நெகட்டிவும் வெள்ளைப் புள்ளிகளும்

அன்புள்ள சேகர்,

கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. கண் தெளிந்த கையோடு பழைய நெகட்டிவ்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய் போலிருக்கிறது! இங்கே பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் கையிலிருந்து மவுசைப் பிடுங்குவதே பெரும்பாடு.

நீ அனுப்பிய கல்லூரிப் படத்தைப் பார்த்தேன். நமக்கெல்லாம் எவ்வளவு முடி இருந்திருக்கிறது! சரி, ஸ்கேனரின் தானியங்கித் தூசி நீக்கம் படத்தில் நம் வெள்ளைச் சட்டைகளைக் கெடுத்துவிட்டது என்கிறாய். ஸ்கேனரைத் திட்டாதே, அதன் மேல் தப்பில்லை. அந்த வசதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை நம்பி இருக்கிறது. கலர் நெகட்டிவில் படம் என்பது வெறும் சாயம். அகச்சிவப்பு அதைத் தாண்டிப் போய்விடும், தூசியில் மட்டும் தடைபடும். உன்னுடையது பழைய கருப்பு வெள்ளை. அதில் படமே வெள்ளித் துகள்தான், அதுவும் அகச்சிவப்பை மறிக்கும். வெள்ளைச் சட்டை விழுந்த இடத்தில்தான் நெகட்டிவில் வெள்ளி அடர்த்தி. ஸ்கேனர் அந்தச் சட்டையையே தூசி என்று நினைத்துத் துடைக்கப் பார்க்கிறது. அந்த வசதியை அணைத்துவிடு. ஸ்கேனுக்கு முன் ரப்பர் பல்பால் ஊது. வாயால் ஊதாதே, எச்சில் தெறித்தால் தூசியே தேவலை.

அப்புறம் ஃபோட்டோஷாப். தூசியையும் கீறலையும் நீக்கும் 'டஸ்ட் அண்ட் ஸ்கிராட்சஸ்' ஃபில்டரைப் படம் முழுக்கப் போட்டிருக்கிறாய், முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தூசியோடு கண்ணில் மின்னும் ஒளிப்பொட்டும் போய்விட்டது, க்ரெய்னும் (ஃபிலிமுக்கே உரிய பொடிப்பொடித் துகள் தோற்றம்) போய்விட்டது. எல்லோரும் மெழுகு பொம்மை மாதிரி நிற்கிறோம்.

நான் செய்வது இப்படி. படம் இருக்கும் லேயரை (அடுக்கை) நகலெடுத்து, மேலே வரும் அந்த நகலில் மட்டும் ஃபில்டர். தூசி மறையும் வரை ரேடியஸை (எவ்வளவு பெரிய புள்ளி வரை நீக்குவது என்ற அளவு) ஏற்றி, க்ரெய்ன் திரும்பி வரும் வரை த்ரெஷோல்டை (சுற்றியிருப்பதிலிருந்து எவ்வளவு வேறுபட்டால் நீக்குவது என்ற அளவு) ஏற்று. பிறகு அந்த லேயரை 'டார்க்கன்' மோடுக்கு மாற்று. இதுதான் சூட்சுமம். நெகட்டிவில் ஒட்டிய தூசி ஒளியை மறைப்பதால் பாசிட்டிவில், அதாவது நாம் பார்க்கும் படத்தில், வெள்ளையாகத்தான் வரும். டார்க்கனில் சுற்றியிருப்பதைவிட வெளிறிய புள்ளிதான் மாறும், இருண்ட நுணுக்கமெல்லாம் அப்படியே இருக்கும். ஒளிப்பொட்டும் வெளிறியதுதானே? அதனால் அந்த லேயரை முழுக்க மறைக்கும் கருப்பு மாஸ்க் போட்டு, தூசி உள்ள இடத்தில் மட்டும் வெள்ளைத் தூரிகையால் தொடு, அங்கே மட்டும் அது தெரியும்.

எமல்ஷன் (ஃபிலிமில் படம் பதிந்திருக்கும் பூச்சு) உரிந்த கீறல் கருப்புக் கோடாக விழும், அதற்கு இந்த வித்தை பலிக்காது. மேலே ஒரு காலி லேயர் திறந்து, கீழே உள்ள லேயர்களிலிருந்தும் எடுத்துக்கொள்ள 'சாம்பிள் ஆல் லேயர்ஸ்' போட்டு, சுற்றியிருப்பதோடு கலந்து ஒட்டும் ஹீலிங் பிரஷ்ஷால் சரிசெய். கோடு முகத்தின் விளிம்பைத் தொட்டால் ஹீலிங் அங்கே ஈஷிவிடும், கலக்காமல் அப்படியே நகலெடுத்து ஒட்டும் குளோன் ஸ்டாம்ப்தான் நல்லது.

35 எம்எம் நெகட்டிவை 3200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 3200 புள்ளி) எடுத்தால் சுமார் 4500க்கு 3000 பிக்சல் வரும். 100 சதவீதத்தில் வைத்துக்கொண்டு ஹோம் கீயை அழுத்தி மேல் மூலைக்குப் போ, பேஜ் டவுனில் இறங்கு. வானத்தில் ஒளிந்திருக்கும் தூசியைப் பார்க்கத் தற்காலிகமாக ஒரு கர்வ்ஸ் லேயரில் கான்ட்ராஸ்டைக் கூட்டு. ஆனால் எல்லாப் புள்ளியையும் துரத்தாதே. வானமும் முகங்களும் சுத்தமானால் போதும். பின்னால் இருக்கும் செங்கல் சுவரில் தூசி எது, சுண்ணாம்பு எது என்று யார் பார்க்கப்போகிறார்கள்?

அடுத்த முறை ஜேபெக் வேண்டாம். ஸ்கேனரில் ஷார்ப்பனிங்கை அணைத்து, 16 பிட் டிஃப் கோப்பாக அனுப்பு. படத்தில் கடைசி வரிசையில் நிற்பவர்களை நானே சரிசெய்து தருகிறேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவதை மறக்காதே.

அன்புடன்,
மூர்த்தி