மழை மாதங்களில் பாலர் வகுப்புப் பசியாறல்

மதிப்பிற்குரிய பெற்றோர்களே, வணக்கம்.

வரும் திங்கட்கிழமை முதல் பாலர் வகுப்பின் பசியாறல் பட்டியலை மாற்றுகிறோம். ஆண்டு இறுதி விடுமுறை வரை இந்தப் பட்டியல்தான். ஏன் மாற்றுகிறோம், வீட்டில் உங்களிடம் என்ன எதிர்பார்க்கிறோம் என்று சொல்லவே இந்தக் கடிதம்.

வாட்ஸ்அப் குழுவில் சில பெற்றோர் இலையுதிர்காலச் சிறுவர் உணவுப் பட்டியல்களை அனுப்பியிருந்தீர்கள். பூசணி சூப், வேக வைத்த ஆப்பிள், ஓட்ஸ் கஞ்சி என்று நல்ல சாப்பாடுதான். இங்கிலாந்து போன்ற நாடுகளில் செப்டம்பர், அக்டோபரில்தான் ஆப்பிளும் பூசணியும் அறுவடையாகி மலிவாகக் கிடைக்கும். அதனால் அங்கே அதைச் சமைக்கிறார்கள். நாமும் அதே வழியில், இந்த மாதங்களில் பேராக் மாநிலத்தின் நம் பீடோர் பக்கம் புதிதாக, மலிவாக என்ன கிடைக்கிறதோ அதை வைத்துப் பட்டியல் போட்டிருக்கிறோம்.

நமக்கு இது மழைக்காலம். அக்டோபர், நவம்பரில் மழை வலுத்தால் கேமரன் மலையிலிருந்து தாப்பா வழியாக இறங்கும் கோஸ், தக்காளி விலை ஏறிவிடும். ஆனால் வீட்டோரத்து முருங்கைக்கும் வேலியோரப் பசலைக்கும் மழை என்றால் கொண்டாட்டம். மஞ்சள் பூசணி, சர்க்கரைவள்ளி, வாழைப்பழம், பப்பாளி எப்போதும் உண்டு. பீடோர் கொய்யாவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதே இல்லை, வெளியூர்க்காரர்கள் வண்டியை நிறுத்தி வாங்கிப் போகிறார்கள். நம் பிள்ளைகளின் டப்பாவில்தான் அதை அதிகம் பார்க்க முடிவதில்லை.

காரணம் கேட்டால் பல அம்மாக்கள் சொல்வது ஒன்றுதான்: "மழை நேரம் டீச்சர், பழம் கொடுத்தா சளி பிடிச்சுக்கும்." உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் சளியைக் கொண்டுவருவது கிருமி. தும்மலிலும், மூக்கைத் துடைத்த கையிலும், பகிர்ந்து குடிக்கும் போத்தலிலும் அது பரவுகிறது. மழையில் பிள்ளைகள் வகுப்புக்குள்ளேயே நெருக்கமாக இருப்பதால் இன்னும் வேகமாகப் பரவும். கொய்யாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குளிர்ச்சிதான் பயம் என்றால், பழத்தை ஐஸ்பெட்டியில் வைக்காமல் கொடுங்கள். பழத்தை மட்டும் நிறுத்தாதீர்கள்.

புரட்டாசியில் இது இன்னும் முக்கியமாகிறது. செப்டம்பர் 17 வாக்கில் தொடங்கி ஒரு மாதம் நம்மில் பல வீடுகளில் சைவம். மீனும் கோழியும் நின்றுவிட்டால் பிள்ளைக்கு இரும்புச்சத்து கீரை, பருப்பு, பயற்றிலிருந்துதான் வர வேண்டும். இறைச்சியில் இருப்பதைப்போல் இது உடம்பில் எளிதில் சேராது. கூடவே வைட்டமின் சி இருந்தால் நன்றாகச் சேரும். 100 கிராம் ஆப்பிளில் வைட்டமின் சி 5 மில்லிகிராம் போலத்தான். ஆரஞ்சில் 50 இருக்கும். கொய்யாவில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆகவே பருப்புச் சோறோ கீரையோ சாப்பிட்ட கையோடு நாலு துண்டு கொய்யா. இதை நாங்கள் வகுப்பில் தினமும் செய்யப் போகிறோம்.

இதைக் கெடுப்பது தேத்தண்ணி. விடியற்காலையில் தோட்ட வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்கும் ஃபேக்டரி பஸ்ஸுக்கும் ஓடுகிற அவசரத்தில், பிள்ளைக்கு ஒரு கிளாஸ் தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்து அனுப்புவது எளிது என்று தெரியும். ஆனால் தேயிலையில் உள்ள டானின் இரும்புச்சத்தைச் சேரவிடாமல் தடுக்கிறது. அதில் கலக்கும் டின் பாலின் லேபிளையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். பலவற்றில் 'கிரிமர் மானிஸ்' (இனிப்புக் கிரீமர்) என்றுதான் போட்டிருக்கும். ஏறக்குறைய பாதி சர்க்கரை, அப்புறம் செம்பனை எண்ணெய். நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதைப் பால் என்று கொடுக்கக் கூடாது. அவசர நாளில் ஒரு வாழைப்பழமும் வெந்நீரும் போதும், பசியாறலை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

வகுப்புச் சாப்பாட்டில் பச்சைப்பயற்றுக் கஞ்சி, பூசணி சாம்பாரோடு இட்லி, சாவிக் கீரையும் (கடுகு இனக் கீரை) கேரட்டும் போட்ட மீஹூன் (அரிசிச் சேமியா), அவித்த சர்க்கரைவள்ளி, முருங்கைக்கீரை ரொட்டி எல்லாம் மாறி மாறி வரும். சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செபாரோ' (கால், கால், பாதி) அளவையே பின்பற்றுகிறோம்: தட்டில் கால் பங்கு சோறு அல்லது மாவுப் பண்டம், கால் பங்கு பயறு, முட்டை, மீன் போன்றவை, மீதிப் பாதி காயும் பழமும். முட்டை, நெத்திலி தனிப் பாத்திரத்தில் இருக்கும். சைவப் பிள்ளைகளுக்கு சோயாவில் செய்த தவுவும் தெம்பேயும் உண்டு.

கீரை என்றால் தட்டை விலக்கும் பிள்ளைகள்தான் அதிகம். போன வாரம் எங்கள் உதவியாளர் அக்கா ஒரு கட்டு முருங்கையைப் பாயில் போட்டு, காம்பைப் பிடித்து இலையை எப்படி உருவுவது என்று காட்டினார். சின்னச் சின்ன விரல்களால் உருவி உருவி ஒரு கிண்ணம் நிறைத்துவிட்டார்கள். ரொட்டி சுட்டதும் "இது என் இலை" என்று தேடித் தேடிச் சாப்பிட்டார்கள். எல்லாரும் அல்ல. சிலர் ஓரத்தைக் கடித்துவிட்டு வைத்தார்கள். அதுவும் சரிதான். ஒரு புதுச் சுவை பிடிக்கப் பத்துப் பதினைந்து முறைகூட ஆகலாம். திட்டாமல், ஊட்டித் திணிக்காமல், அடுத்த வாரம் மறுபடியும் ஒரு கரண்டி வையுங்கள்.

ஆண்டுக் கடைசியில் ரம்புத்தான் இன்னொரு தடவை வரும். தயவுசெய்து முழுப் பழத்தை உரித்து அப்படியே கையில் கொடுக்காதீர்கள். வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் போய் மூச்சை அடைக்கும் அளவுதான் அது. சுளையைக் கொட்டையிலிருந்து சீவி, நீளத் துண்டாகக் கொடுங்கள். திராட்சையையும் நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். முழுக் கச்சான் (நிலக்கடலை) ஐந்து வயதுக்குள் வேண்டவே வேண்டாம். தீபாவளி முறுக்கை உடைத்து, உட்கார வைத்துக் கொடுங்கள். பலகாரத்தைத் தடுக்கச் சொல்லவில்லை, சோறு சாப்பிட்ட பிறகு கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். வகுப்பில் பிறந்தநாள் கொண்டாடுபவர்கள் மிட்டாய்ப் பொட்டலத்துக்குப் பதில் ஒரு சீப்பு வாழைப்பழம் அனுப்புங்கள்.

இத்துடன் ஒரு தாள் இணைத்திருக்கிறோம். உங்கள் பிள்ளைக்குக் கச்சான், முட்டை, பால், மீன் எதிலாவது ஒவ்வாமை உண்டா, புரட்டாசியில் சைவமா, சைவம் என்றால் முட்டை கொடுக்கலாமா என்று குறித்து வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். வீட்டில் முருங்கை நிறைய இருந்தால் புதன்கிழமை காலையில் ஒரு கட்டு அனுப்புங்கள். பூச்சிமருந்து அடித்த இடத்துக் கீரை மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்