ஹெட்போன் மாட்டினால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஆஃப்ரோஃபியூச்சரிசக் காமிக்ஸ் (கறுப்பினத்தவரின் எதிர்காலத்தை அறிவியல் புனைவாகக் கற்பனை செய்யும் சித்திரக்கதைகள்) பற்றிய கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் காமிக்ஸ் நாயகன் பிளாக் பேந்தருக்கு இரண்டு பக்கம், இசைக்கு ஒரே ஒரு பத்தி என்பது உறுத்தியது. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் விண்வெளிக் கனவு பெரும்பாலும் கச்சேரி மேடையில் வளர்ந்தது. அலபாமாவில் 1914-ல் பிறந்த ஜாஸ் கலைஞர் சன் ரா, தான் சனிக் கிரகத்துக்காரன் என்றே சொல்லிக்கொண்டார். 1952-ல் பெயரையும் சட்டப்படி மாற்றிக்கொண்டார். 1970-களில் ஃபங்க் இசைக் கலைஞர் ஜார்ஜ் கிளின்டன் குழுவின் கச்சேரிகளில் மேடைக்கு ஒரு விண்கலமே இறங்கும். அதன் பிற்காலப் பிரதி இன்று வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கறுப்பின இசை வரலாற்றிலிருந்து ஒரு புது நாயகனை உருவாக்கலாமே என்கிறார் கட்டுரையாளர். சரி, நல்ல யோசனைதான். ஆனால் அவர் காட்டும் நாயகனிடம் ஒரு கிதார், காதில் ஹெட்போன், எதிரியைத் தூக்கி எறியும் ஒலி அலை, இவ்வளவுதான் இருக்கிறது. இதை எந்த ஊர் ஹீரோவுக்கும் மாட்டிவிடலாமே!

இதைவிட நல்ல சரக்கு அந்த வரலாற்றிலேயே கிடக்கிறது. 1739-ல் தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றருகே கிளர்ந்தெழுந்த அடிமைகள் மேளம் கொட்டிக்கொண்டு நடந்தார்கள். போகப்போகக் கூட்டம் பெருகியது. கிளர்ச்சியை நசுக்கிய கையோடு 1740-ல் வந்த சட்டம், அடிமைகளின் கைக்கு மேளமும் கொம்பும் போகாமல் தடுத்தது. முதலாளிகளுக்கு அது வெறும் கொட்டு அல்ல, தோட்டத்துக்குத் தோட்டம் போகும் சேதி. மேளம் போனாலும் தாளம் நிற்கவில்லை. உள்ளங்கையால் தொடையிலும் மார்பிலும் மாறி மாறித் தட்டி, குதிகாலால் தரையை மிதித்து ஆடும் ஜூபா அடிமைக் குடியிருப்புகளில் தழைத்தது. மேளத்தைப் பறிகொடுத்த ஒருத்திக்கு உடம்பே மேளம் என்றால், அதைவிட என்ன சக்தி வேண்டும்? அவளை 2300-ல், ஒவ்வொரு ஓசையையும் ஒட்டுக்கேட்கும் ஒரு விண்வெளிக் குடியேற்றத்தில் கொண்டுபோய் நிறுத்துங்கள். அப்புறம் கதை தானாக ஓடும்.

இந்த வழியில் போனவர்களும் உண்டு. டெட்ராய்ட்டின் டெக்னோ (மின்னணு நடன இசை) இரட்டையர் டிரெக்சியா, அடிமைக் கப்பல்களிலிருந்து கடலில் வீசப்பட்ட கர்ப்பிணிகளின் பிள்ளைகள் நீருக்கடியில் மூச்சுவிடப் பழகி, அங்கேயே ஒரு தேசம் அமைத்ததாகத் தங்கள் இசைக்கு ஒரு புராணம் படைத்தார்கள். அது பிறகு சித்திரக்கதையாகவும் வந்தது. கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

பெட்ரோ பெல்லையும் காணோம். ஜார்ஜ் கிளின்டனின் ஃபங்கடெலிக் குழுவின் இசைத்தட்டு உறைகளை 1973 முதல் வரைந்த சிகாகோக்காரர். விண்வெளிப் பிராணிகளும் விசித்திர எழுத்துகளுமாக அட்டையையே ஒரு காமிக்ஸ் பக்கம்போல நிரப்பிவிடுவார். கடைசிக் காலத்தில் பார்வையும் மங்கி, பணமும் இல்லாமல் கஷ்டப்பட்டார். அவரைப் பற்றித் தனிக் கட்டுரையே போடலாம். போட்டால் படங்களைத் தயவுசெய்து கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
ஒரு காமிக்ஸ் வாசகர்,
விருதுநகர்