கொரிய வானில் விடுபட்ட பெயர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கொரியப் போரின் ஜெட் விமானிகளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தமிழில் இந்த விஷயத்தைத் தொடுபவர்களே குறைவு. எழுதியவருக்கு மனமார்ந்த நன்றி. ஆனால் கூடவே வந்த பட்டியலைப் பார்த்ததும் மனசு சங்கடப்பட்டது. அதிக விமானங்களை வீழ்த்திய ஏஸ் விமானிகள் (எதிரி விமானங்கள் ஐந்தையாவது வீழ்த்தியவர்கள்) என்று கொடுத்திருக்கும் பத்துப் பேரும் அமெரிக்கர்கள். ஜோசப் மெக்கானல் 16, ஜேம்ஸ் ஜபாரா 15 என்று ஆரம்பிக்கிறது. எதிரே சோவியத் தயாரிப்பான மிக்-15 ஜெட் ஓட்டியவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை.

சோவியத் கணக்கைப் பார்த்தால் முதலில் வர வேண்டியவர் நிக்கோலாய் சுத்யாகின். அவர் கணக்கில் 22 விமானங்கள். 21 என்று சொல்வோரும் உண்டு. அடுத்தவர் யெவ்கேனி பெபெலியாயெவ், 19. இருவருமே மெக்கானலைத் தாண்டியவர்கள்.

இவர்கள் பெயர் வெளியே வராததற்குக் காரணம் இருக்கிறது. கொரியாவில் சோவியத் விமானப்படை சண்டையிடவே இல்லை என்பதுதான் அன்றைக்கு மாஸ்கோ சொன்ன கதை. வட கொரியாவுக்கும் சீனாவுக்கும் எல்லையான யாலு ஆற்றுக்கு அந்தப் பக்கம், சீனாவின் அந்துங் நகரை ஒட்டிய தளங்களிலிருந்து சோவியத் விமானிகள் கிளம்பினார்கள். உடம்பில் சீன உடுப்பு, விமானத்தில் சீன அல்லது வட கொரிய அடையாளம். ரேடியோவில் கொரிய மொழியில்தான் பேச வேண்டும் என்று உத்தரவு வேறு. "பின்னால் வருகிறான், திரும்பு" என்று கத்த வேண்டிய நொடியில் யாருக்கு அந்நிய மொழி வாயில் வரும்? அந்த உத்தரவு நிலைக்கவில்லை. ரேடியோவில் கேட்டது ரஷ்ய மொழி என்பது அமெரிக்கர்களுக்கும் தெரியும். போர் பெரிதாகிவிடும் என்று அவர்களும் வாயைத் திறக்கவில்லை.

பிடிபட்டால் குட்டு உடைந்துவிடும் என்பதால் கடலுக்கு மேலே போகவும் சோவியத் விமானிகளுக்கு அனுமதி இல்லை. அடிபட்ட சேபர் (அமெரிக்கர்கள் ஓட்டிய எஃப்-86 ஜெட்) எப்படியாவது கடல் பக்கம் போய்விட்டால் அதன் விமானி பிழைத்தான். மெக்கானலே அப்படித்தான் பிழைத்தார். 1953 ஏப்ரல் 12 அன்று அவர் விமானம் அடிபட்டது. மஞ்சள் கடலில் குதித்தவரை ஹெலிகாப்டர் வந்து தூக்கியது. மே 18 அன்று ஒரே நாளில் மூன்று மிக் விமானங்களை வீழ்த்தி 16-ஐத் தொட்டார். மறு ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவிலேயே ஒரு சோதனைப் பறப்பில் இறந்துபோனார். கட்டுரையில் இவருக்கு ஒரு முழுப் பத்தி இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். சுத்யாகினுக்கு ஒரு வரிகூட இல்லையே என்பதுதான் என் வருத்தம். அவர் 1986-இல் இறந்தார். 'சோவியத் யூனியனின் வீரர்' பட்டம் வாங்கியவர், அதை எந்த வானத்தில் வாங்கினார் என்று கடைசிவரை ஊரறியச் சொல்ல முடியவில்லை. 2013 வரை இருந்த பெபெலியாயெவுக்காவது அதைப் பேசக் கிடைத்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் நம் விமானப்படையில் ஆயுதப் பிரிவில் வேலை பார்த்தவன். ஹண்டர் விமானத்தின் நான்கு 30 மி.மீ. பீரங்கிகளுக்கும் குண்டு நிரப்பி, சுடும்போது படம் பிடிக்கும் கன் கேமராவில் ஃபிலிம் மாட்டி அனுப்பிய கை இது. பயிற்சியில்கூட விமானி இறங்கி வந்து "நிச்சயம் பட்டது" என்பார். ஃபிலிமைக் கழுவிப் போட்டால் ஒன்றும் இருக்காது. அவர் பொய் சொல்லவில்லை. அரை விநாடியில் கண்ணுக்குப் பட்டதைச் சொன்னார். பயிற்சியிலேயே இப்படி என்றால், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு 40,000 அடியில் சுழலும்போது என்ன தெரியும்? சேபரில் இருந்தவை ஆறு 12.7 மி.மீ. இயந்திரத் துப்பாக்கிகள். குண்டு மழையாகப் பொழியும், ஆனால் அவ்வளவு உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் அடிபட்ட மிக் எளிதில் தீப்பிடிக்காது. அது தலைகீழாகப் பாய்ந்து யாலுவைத் தாண்டிவிட்டால், விழுந்ததா வீடு சேர்ந்ததா என்று யார் போய்ப் பார்ப்பது? மிக் விமானத்தின் 37 மி.மீ. பீரங்கி இதற்கு நேர்மாறு. ஒன்று பட்டாலே பெரிய ஓட்டை விழும். அந்த ஓட்டையோடு தளம் திரும்பிய சேபர்களும் உண்டு.

அதனால்தான் 792 மிக் விமானங்களுக்கு 78 சேபர், அதாவது பத்துக்கு ஒன்று என்று கட்டுரையில் வந்ததை முடிந்த கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறேன். அது அமெரிக்கா அன்று சொன்ன கணக்கு. சோவியத் ஆவணங்களின்படி அவர்கள் தரப்பில் இழந்தவை 335. சீன, வட கொரிய இழப்புகள் தனி. மறுபக்கம், சோவியத் தரப்பு 600-க்கும் மேற்பட்ட சேபர்களை வீழ்த்தியதாகச் சொன்னது. அத்தனை சேபர்கள் அங்கே விழவே இல்லை. நான் சோவியத் கட்சி பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். 22 என்றாலும் 16 என்றாலும் இரண்டுமே அவரவர் தரப்பு எழுதிவைத்த எண்கள்.

ஜபாராவை 'உலகின் முதல் ஜெட் ஏஸ்' என்று எழுதியிருப்பதும் சரியில்லை. 1951 மே 20 அன்று, சண்டைக்கு முன் கழற்றிவிட வேண்டிய வெளி எரிபொருள் தொட்டிகளில் ஒன்று கழன்று விழாமல் தொங்கியபோதும் திரும்பாமல் சண்டையிட்டு இரண்டு மிக் விமானங்களை வீழ்த்தினார். பெரிய தைரியம்தான். ஆனால் அவர் முதல் அமெரிக்க ஜெட் ஏஸ். அதற்கு ஆறு ஆண்டு முன்பே ஜெர்மனியின் ஹைன்ஸ் பேர், மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட்டில் 16 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கு இருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகள் உங்கள் இதழைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிவைப்பார்கள், என் பேரன் வைக்கிறான். ஆகவே அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்கள். சுத்யாகின் பெயரும் பெபெலியாயெவ் பெயரும் மெக்கானலுக்குப் பக்கத்திலேயே வரட்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே அது எந்த நாட்டுக் கணக்கு என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற விமானப்படை வீரர்,
திருச்சி