வெல்ட் கீயில் நீ எடுத்திருக்கும் அறை

அன்பு மகளுக்கு,

டிசம்பரில் மாப்பிள்ளையோடும் பிள்ளைகளோடும் வரும்போது தங்குவதற்குப் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனின் வெல்ட் கீ பக்கம் ஹோட்டலில் அறை எடுத்திருப்பதாக எழுதியிருந்தாய். அக்கரையில் பட்டர்வொர்த்தில் நம் வீடு இருக்க ஹோட்டல் எதற்கு என்று அம்மாவுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. "பழைய கிட்டங்கியை அழகாக மாற்றியிருக்கிறார்கள் அப்பா" என்று நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த வரிசைச் சரக்குக் கிட்டங்கிகளில் உன் தாத்தா மூட்டை சுமந்தார். நான் அங்கே கிராணியாக நின்று சரக்குக் கணக்கு எழுதினேன். பேரப்பிள்ளைகளிடம் அதை வெறும் பழைய கட்டடம் என்று நீ சொல்லிவிடக் கூடாது. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இன்று பீச் ஸ்த்ரீட்டில் நின்றால் கடல் கண்ணில் படாது. 1880களுக்கு முன்னால் அந்தத் தெருக் கடைகளின் பின்வாசலிலேயே அலை அடித்தது. பிறகு கடலைத் தூர்த்து விக்டோரியா ஸ்த்ரீட், அதற்கும் அப்பால் வெல்ட் கீ என்று புது நிலம் எடுத்தார்கள். அப்போது ஆளுநராக இருந்த ஃப்ரெடரிக் வெல்டின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். சூலியா ஸ்த்ரீட், சர்ச் ஸ்த்ரீட், சைனா ஸ்த்ரீட் எல்லாம் அந்த நிலத்தின் மேல் நீண்டு கடலைத் தொட்டன. நீ தங்கப் போகும் இடமும் ஒரு காலத்தில் கடல்தான்.

ஏன் அவ்வளவு நிலம் வேண்டியிருந்தது? 1786இல் ஃபிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயன் இங்கே இறங்கியபோது, வரி கிடையாது, யார் வேண்டுமானாலும் வந்து வாங்கலாம் விற்கலாம் என்றுதான் ஊரைத் தொடங்கினான். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது, நீராவிக் கப்பல்கள் வந்தன, பக்கத்துப் பேராக் மாநிலத்தில் வெள்ளீயம் பெருகியது, பின்னால் ரப்பர் வந்து சேர்ந்தது. எல்லாம் இந்த ஒரு கரை வழியாகத்தான் போக வேண்டும். பீச் ஸ்த்ரீட் முழுக்க வங்கியும் கப்பல் ஏஜெண்டுகளின் ஆபீசும் ஆயின. 1904இல் ஸ்வெட்டன்ஹாம் பியர். 1907இல் மணிக்கூண்டு வைத்த ரயில்வே கட்டடம். தீவில் தண்டவாளமே இல்லாத ரயில் நிலையம் அது. அங்கே டிக்கெட் எடுத்து ஃபெர்ரியில் ஏறி, பிறை கரையில் இறங்கித்தான் ரயில் பிடிப்பார்கள். இப்போது அது கஸ்டம்ஸ் ஆபீஸ். சின்னவனுக்கு ரயில் என்றால் உயிர் என்றாயே, அவனிடம் இதைச் சொல், கேட்டுக்கொள்வான்.

நம்மவர்கள் இங்கே பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவர்கள் இல்லை. சூலியாக்கள் (சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம்மவர்களை அப்படித்தான் அழைத்தார்கள்) ஆயிரம் பேர் போல இங்கே குடியிருக்கிறார்கள், சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து உழைத்துவிட்டுத் திரும்புகிறார்கள் என்று லைட் 1794இலேயே எழுதி வைத்திருக்கிறான். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801. குயின் ஸ்த்ரீட் மாரியம்மன் கோயில் 1833. பினாங்கு ஸ்த்ரீட்டில் செட்டியார்கள் பெட்டியடி போட்டு உட்கார்ந்து வட்டிக்குக் கொடுத்தார்கள். தைப்பூச வெள்ளி ரதம் இன்றைக்கும் அங்குள்ள கோயில் வீட்டிலிருந்துதான் புறப்படுகிறது. தோளில் காவடி போலச் சோறும் கறியும் சுமந்து போய்த் துறைமுக ஆட்களுக்கு விற்ற தமிழ் முஸ்லிம்கள் தொடங்கியதுதான் நாசி கண்டார். மெல்போர்னில் நீ வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடுவது இந்தக் கரையின் சாப்பாடு.

தாத்தா 1937இல் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, டெக்கில் படுத்து வந்தார். அடுத்த ஆண்டே இந்திய அரசு கூலியாட்களை அனுப்புவதை நிறுத்திவிட்டது. வந்தவர்களை முதலில் ஜெரஜா தீவில் வைத்திருந்து, நோய் நொடி இல்லை என்று கண்ட பிறகே ஊருக்குள் விட்டார்கள். எஸ்டேட்டுக்குப் போக வேண்டியவர், ஊர்க்காரர் ஒருவர் கைகாட்டியதால் வெல்ட் கீயிலேயே நின்றுவிட்டார்.

பெரிய கப்பல் கரைக்கு வராது. நடுநீரில் நங்கூரம் போட்டு நிற்கும். தொங்கான் என்ற சரக்குப் படகு போய்ச் சரக்கை இறக்கிக்கொண்டு வரும். தொங்கானிலிருந்து கரைக்கு ஒரு பலகை, ஆள் நடந்தால் வளையும். தலையில் சும்மாடு, பிடரியில் அரிசி மூட்டை, கையில் கொக்கி. கிட்டங்கி வாசலில் நிற்கும் ஆள் மூட்டைக்கு ஒரு குச்சி கொடுப்பான். அந்தியில் குச்சியை எண்ணித்தான் கூலி. பலகையின் நடுவில் நிற்கக் கூடாது, நின்றால் அது ஆடத் தொடங்கிவிடும், பின்னால் வருகிறவனும் விழுவான் என்பார் தாத்தா. மழை நாளில் பலகையில் சாக்கைப் போட்டு நடப்பார்களாம். அவருடைய பிடரியில் கையை வைத்தால் காய்ப்புக் காய்ந்து தோல் செருப்பின் அடிபோல இருக்கும். நீ குழந்தையில் அதைத் தடவிக்கொண்டே தூங்குவாய்.

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்டதைப் பற்றி அவர் அதிகம் பேச மாட்டார். நானும் தோண்டிக் கேட்டதில்லை.

கன்டெய்னர் வந்தது, கரை செத்தது என்று இப்போது எல்லோரும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் அதை ஒப்ப மாட்டேன். கரை அதற்கு முன்பே மெலிந்துவிட்டது. 1963இல் இந்தோனேசியாவோடு மோதல் தொடங்கியதும் சுமத்ரா வியாபாரம் அறுந்தது. பாதிக்கும் பாதியான வேலைக்கு ஆட்கள் காலையில் காத்துக் கிடந்தார்கள். 1969இல் பினாங்கின் சுங்கவரி இல்லாத துறைமுக அந்தஸ்து எடுக்கப்பட்டது. இந்த ஊர் எதை நம்பிப் பிறந்ததோ அதையே எடுத்துவிட்டார்கள். கன்டெய்னர் உலகம் முழுக்க வந்தது, அதைத் தடுக்க யாராலும் முடியாது. இதுவோ மனிதர்கள் கூடி எடுத்த முடிவு. அதனால் பட்டினி கிடந்தவர்கள் யாரையும் அந்த முடிவெடுக்கும்போது கேட்கவில்லை. இத்தனை ஆண்டு கழித்தும் எனக்கு ஆறவில்லை.

1972இல் பாயான் லெப்பாசில் தொழிற்பேட்டை திறந்து பினாங்கு பிழைத்ததும் உண்மை. அதை மறைத்தால் பாவம். உன் அத்தை அங்கே போய் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து வேலை செய்து வீட்டைத் தூக்கி நிறுத்தினாள். ஆனால் அவர்கள் தேடியது கை நுணுக்கமுள்ள இளம்பெண்களை. ஐம்பதைத் தாண்டிய மூட்டைக்காரருக்கு அங்கே என்ன இடம்? தங்கை சம்பளம் கொண்டுவரும் நாளில் தாத்தா வீட்டில் இருக்க மாட்டார், கோயில் பக்கம் போய்விடுவார்.

எழுபதுகளில் பட்டர்வொர்த்தில் ஆழ்கடல் துறை வந்து கப்பல் நேராகவே அங்கே கரையோடு வந்து நின்றது. தொங்கானுக்கு வேலை போயிற்று. எங்கள் ஆபீசும் அக்கரைக்கு மாறியது. குயின் ஸ்த்ரீட்டில் குடியிருந்துகொண்டு, தினமும் ஃபெர்ரியில் எதிர்த்திசையில் வேலைக்குப் போய் வந்தேன்.

கடைசி அடி உனக்கே தெரியும். அப்போது நீ இடைநிலைப்பள்ளியில் ஃபோர்ம் ஒன். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 ஜனவரி முதல் தேதியோடு இல்லாமல் போனது. அதுவரை அந்த வாடகையில்தான் தையற்காரர், பூக்காரர், பொற்கொல்லர் என்று எல்லோரும் பழைய டவுனில் பிழைத்தார்கள். வீட்டுக்காரர் கேட்ட புது வாடகையை நம்மால் கட்ட முடியவில்லை. நம் தெருவில் பலராலும் முடியவில்லை. ஆள் போன வீடுகள் சிலவற்றில் சன்னலை அடைத்து, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் போட்டு, சூப்புக்கு விலைபோகும் கூட்டுக்காகக் குருவி வளர்த்தார்கள். மனிதர் இருந்த மாடியில் குருவிக்கு இடம் கிடைத்தது. 2008இல் யுனெஸ்கோ வந்து உலகப் பாரம்பரியம் என்றது. கட்டடங்கள் இடிபடாமல் தப்பின, அதில் எனக்குச் சந்தோஷம்தான். உள்ளே இருந்தவர்கள் எட்டு ஆண்டுக்கு முன்பே போய்விட்டார்கள்.

வெல்ட் கீயில் சீனர்களின் ஜெட்டிகளை, அதாவது படகுத்துறைக் குடியிருப்புகளைப் பார்ப்பீர்கள். பலகை வீடுகளைக் கடல் மேல் கட்டி, குலப் பெயரை வாசலில் எழுதி வாழ்கிறார்கள். அவற்றிலும் இரண்டை 2006இல் இடித்துவிட்டார்கள். மற்றவை நிற்கின்றன, நிற்கட்டும். நம் ஆட்கள் பத்துப் பேர், இருபது பேராக அடுத்தவர் மாடியில் வாடகைக்குப் படுத்தவர்கள். சொந்தமாக ஒரு பலகைகூட இல்லாததால் காட்டுவதற்கு ஒன்றுமில்லை.

அதனால் ஒரு வேலை சொல்கிறேன், செய்துவிட்டு வா. தாத்தா தன் மேஸ்திரியான மண்டோரோடும் கூட்டாளிகளோடும் கிட்டங்கி வாசலில் நின்று எடுத்த படம் உன்னிடம்தான் இருக்கிறது. கல்யாணம் ஆகிப் போகும்போது கேட்டு எடுத்துப் போனாய். அதைக் கொண்டு வா. முன்பக்கமும் பின்பக்கமும் ஸ்கேன் எடுத்துக்கொள், பின்னால் தாத்தா பென்சிலில் பெயர் எழுதியிருக்கிறார், பாதி அழிந்திருக்கும். அழிந்த பெயர்கள் எனக்குத் தெரியும். என் கண்ணும் ஞாபகமும் சரியாக இருக்கும்போதே உட்கார்ந்து எழுதிவிடலாம். பழைய படம் சேகரிப்பவர்கள் ஜார்ஜ்டவுனில் இருக்கிறார்கள், ஒரு பிரதியைப் பெயர்களோடு கொடுத்துவிட வேண்டும்.

முதல் நாள் காலை ஏழு மணிக்கு ஃபெர்ரி பிடித்து வந்துவிடுகிறேன். வெயில் ஏறுவதற்குள் பீச் ஸ்த்ரீட்டிலிருந்து நடப்போம். பிள்ளைகளுக்குத் தொப்பி எடுத்து வை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் சாப்பாடு இங்கே நம் வீட்டில்தான், அம்மாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அன்புடன்,
அப்பா