பொருள்: உங்க ரீஃப் டேங்க் கிட்ல வர்ற தமிழ் கையேடு, 11ஆம் பக்கம், தப்பான வரி – புகார்

கஸ்டமர் சர்வீஸ் மேனேஜர் அவர்களுக்கு,

வணக்கம் சார். மார்ச் 8ஆம் தேதி உங்ககிட்ட 40 லிட்டர் ரீஃப் ஸ்டார்ட்டர் கிட் (கடல் தண்ணி மீன் தொட்டி செட்) ஆர்டர் போட்டேன், 14,500 ரூபாய். சாட்ல மூணு தடவை, போன்ல ரெண்டு தடவை பேசிட்டேன், ஒவ்வொரு தடவையும் வேற ஆள் எடுக்கறாங்க, ஒவ்வொருத்தர்கிட்டயும் முதல்ல இருந்து சொல்ல வேண்டியிருக்கு, அதனால எல்லாத்தையும் ஒரே கடிதமா எழுதறேன், தயவு செஞ்சு கடைசி வரைக்கும் படிங்க.

விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். கையேட்டுல 11ஆம் பக்கம் தினசரி பராமரிப்புன்னு ஒரு தலைப்பு, அதுக்கு கீழ நாலாவது வரி, "நீர்மட்டம் குறைந்தால் தயாரித்து வைத்த உப்பு நீரை ஊற்றி நிரப்பவும்". இந்த வரி தப்பு. இந்த வரியை நம்பி நான் பன்னெண்டு நாள் செஞ்சதுல எங்க வீட்டுல ஒரு க்ளவுன் மீனும் மூணு நத்தையும் செத்துப்போச்சு. இதே கையேடு இன்னைக்கும் உங்க கிட் கூட போயிட்டு இருக்கு, நேத்து கூட ஒருத்தர் வீட்டுல பிரிச்சிருப்பாங்க. அதான் இவ்வளவு அவசரமா எழுதறேன்.

நாங்க மடிப்பாக்கத்துல இருக்கோம், சொந்த ஊர் தூத்துக்குடி. என் பொண்ணுக்கு ஒன்பது வயசு, போன லீவுக்கு ஊருக்கு போனப்ப கடல் மேல ரொம்ப ஆசையா ஆயிட்டா, வீட்டுல ஒரு சின்ன கடல் தண்ணி தொட்டி வெக்கணும்னு ஒரு வருஷமா கேட்டுட்டு இருந்தா. நான் நல்ல தண்ணி மீன் வளர்த்திருக்கேன், கப்பி, மோலி எல்லாம், உப்பு தண்ணி இது தான் முதல் தடவை. உங்க கிட்டை எடுக்க ஒரு முக்கியமான காரணம் இருந்துச்சு, அதுல நிஜ பவளக்கல் கிடையாது, செராமிக்ல செஞ்ச கல்லு தான், கடல்ல இருந்து எதையும் எடுக்கலைன்னு போட்டிருந்தீங்க. அது எனக்கு ரொம்ப பிடிச்சிருந்துச்சு. அதை பத்தி பின்னாடி சொல்றேன்.

அவசரப்பட்டு மீன் விட்டுட்டீங்களான்னு உங்க சாட்ல கேட்டாங்க. இல்லை சார். பாட்டில்ல இருக்கற, கழிவுல வர்ற விஷத்தை மாத்தற பாக்டீரியாவை ஊத்தினா ஏழு நாள்ல மீன் விடலாம்னு போட்டது நீங்க தான், நான் அதை கேட்கலை. நங்கநல்லூர்ல தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் ரொம்ப வருஷமா மெரைன் டேங்க் வெச்சிருக்கார், அவர் தான் சொன்னார், அமோனியா ஏறி இறங்கணும், அப்புறம் நைட்ரைட் ஏறி இறங்கணும், கடைசியில நைட்ரேட் மட்டும் நிக்கணும், அதுக்கு நாலு வாரம் ஆறு வாரம் கூட ஆகும், கல்லுலயும் மணல்லயும் பாக்டீரியா புடிக்கற வரைக்கும் கையை கட்டிட்டு உக்காரணும்னு. அஞ்சு வாரத்துக்கு மேல வெறும் தண்ணியும் கல்லும் தான் ஓடுச்சு. டெஸ்ட் கிட்ல அமோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யம் காட்டின பிறகு தான் ஏப்ரல் 26 கொளத்தூர் போய் ஒரு ஜோடி க்ளவுன் வாங்கினோம், அதுவும் ஹேட்சரியில பொரிச்ச குஞ்சு தானான்னு கேட்டு தான் வாங்கினேன். மண்டபத்துல மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் இந்த மீனை பொரிக்க வெச்சு வளர்க்கற முறையை எப்பவோ கண்டுபிடிச்சாச்சு, கடல்ல புடிச்சது தேவையே இல்லை. ஜோடியில பெருசு தான் பெண்ணா மாறும், எல்லாமே பொறக்கும்போது ஆண் தான்னு பொண்ணு எங்கயோ படிச்சிட்டு வந்து வீட்டுக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தா.

மே 4 கத்திரி ஆரம்பிச்சுது. உங்க கிட்ல ஹீட்டர் இருக்கு சார், சென்னைக்கு ஹீட்டர். தண்ணி 24ல இருந்து 27 டிகிரிக்குள்ள இருக்கணும்னு உங்க கையேடே சொல்லுது, எங்க ஹால்ல மதியம் தண்ணி 31.5 காட்டுச்சு, ஹீட்டரை எடுத்து பரண்ல போட்டாச்சு. சூட்டை குறைக்க என்ன பண்றதுன்னு கையேட்டுல ஒரு வார்த்தை கூட இல்லை, குளிர் ஊருக்கு எழுதினதை அப்படியே தமிழ்ல போட்டிருக்கீங்கன்னு படிச்சாலே தெரியுது. அண்ணன் சொன்னார்னு மூடியை எடுத்துட்டு ஒரு சின்ன கிளிப் ஃபேனை தண்ணி மேல படற மாதிரி வெச்சேன், 28.5க்கு வந்துடுச்சு. நல்லா தான் இருந்துச்சு. ஆனா ஃபேன் ஓடினா தண்ணி ஆவியாகும் இல்லையா, அதுவரைக்கும் மூடி போட்டிருந்ததால அவ்வளவா குறையலை, இப்ப தினமும் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் இறங்க ஆரம்பிச்சுது. நான் உடனே கையேட்டை எடுத்து பார்த்தேன். 11ஆம் பக்கம். உப்பு தண்ணி ஊத்துன்னு இருக்கு. உங்க உப்பையே அளந்து கலக்கி அஞ்சு லிட்டர் கேன்ல வெச்சிருந்தேன், தினமும் காலையில காபி போடறதுக்கு முன்னாடி கோடு வரைக்கும் ஊத்திட்டு தான் மத்த வேலை.

மே 14 ஒரு நத்தை கண்ணாடியில இருந்து கீழ விழுந்து கிடந்துச்சு. நிமிர்த்தி வெச்சேன், திரும்ப விழுந்துச்சு. மறுநாள் இன்னொண்ணு. டேங்க் விளிம்புல வெள்ளையா உப்பு பூத்து தடியா இருந்துச்சு, கடல் தண்ணி டேங்க்ல இது சகஜம்னு நினைச்சுட்டேன். உங்க கிட்ல வந்த முள்ளு வெச்ச ஹைட்ரோமீட்டர்ல (உப்பு அளவு பார்க்கற கருவி) தண்ணி மொண்டு பார்த்தேன், 1.027 காட்டுச்சு, கொஞ்சம் தான் ஜாஸ்தின்னு விட்டுட்டேன்.

மே 16 ராத்திரி பதினோரு மணி இருக்கும், லைட் எல்லாம் அணைச்ச பிறகு பம்ப் பக்கத்துல சின்னதா டப் டப்னு சத்தம். செல்போன் லைட்டை அடிச்சு பார்த்தேன். பெரிய மீன் தண்ணிக்கு மேல மூஞ்சியை வெச்சு வாயை திறந்து திறந்து மூடுது, செவுள் ரெண்டும் விரிஞ்சு அடிக்குது, அந்த ஆரஞ்சு நிறமே மங்கி, வெள்ளைப் பட்டை மேல ஏதோ மாவு தூவின மாதிரி இருந்துச்சு. சின்னது கல்லு பொந்துக்குள்ள ஒண்டிக்கிட்டு இருந்துச்சு. அமோனியா டெஸ்ட் பண்ணினேன், 1 பிபிஎம் கிட்ட. மணலை கிளறி பார்த்தா மூணாவது நத்தையும் உள்ள செத்து அழுகி இருக்கு. கடல் தண்ணியில பிஎச் 8க்கு மேல, தண்ணி சூடு வேற, அதுல அமோனியாவோட விஷம் நல்ல தண்ணி டேங்கை விட பல மடங்குன்னு அண்ணன் அப்புறம் சொன்னார். விடிகாலை நாலரைக்கு பெரிய மீன் போயிடுச்சு. பொண்ணு எழுந்திரிக்கறதுக்குள்ள எடுத்துடலாம்னு பார்த்தேன், முடியலை, அவ வந்து பின்னாடி நின்னுட்டா.

காலையில அண்ணன் ரிஃப்ராக்டோமீட்டர் எடுத்துட்டு வந்தார், அதுவும் உப்பு அளவு பார்க்கற மீட்டர் தான், கண்ணுல வெச்சு பார்க்கறது. முதல்ல டிஸ்டில்ட் வாட்டர் ஒரு சொட்டு விட்டு பூஜ்யம் சரியா நிக்குதான்னு பார்த்தார், அப்புறம் 35ன்னு எழுதின கேலிபரேஷன் திரவம் ஒரு சொட்டு, அதுவும் சரியா நின்னுச்சு. அதுக்கப்புறம் தான் எங்க டேங்க் தண்ணி. கண்ணுல வெச்சு பார்த்துட்டு என்கிட்ட குடுத்தார். நீல நிறம் 46ல முடியுது. இருக்க வேண்டியது 35. அந்த தண்ணிக்கு உங்க ஹைட்ரோமீட்டர் 1.034 கிட்ட காட்டணும், முள்ளுல காத்துக்குமிழி ஒட்டாம தட்டி தட்டி மறுபடி வெச்சு பார்த்தோம், அப்பவும் 1.027 தான், முள்ளு சுத்தற இடத்துல உப்பு படிஞ்சு இறுகிப்போயிருந்துச்சு. அதை ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணியில கழுவணும்னும் கையேட்டுல இல்லை.

எப்படி இவ்வளவு ஏறுச்சுன்னு எனக்கு அப்பவும் முழுசா புரியலை. எங்கப்பா தூத்துக்குடி உப்பளத்துல நாப்பது வருஷம் வேலை பார்த்தவர், போன்ல நடந்ததை சொன்னேன். ஒரே வார்த்தையில கேட்டார், "எம்மா, தண்ணி தானே வத்தும், உப்பு எங்க போவும்? பாத்தில வேற என்னத்த பண்ணுதோம்?" அவ்வளவு தான் சார். பாத்தியில கடல் தண்ணியை விட்டு வெயில்ல வத்த விட்டு, டிகிரி பார்த்து (சூடு இல்லை, தண்ணியோட உப்பு அடர்த்திக்கான பாமே டிகிரி), வத்த வத்த மேல தண்ணி விட்டு, 25 டிகிரிக்கு வந்தா உப்பு விழும். நீங்க எங்களை டேங்க்ல அதையே பண்ண சொல்லியிருக்கீங்க. கணக்கு போட்டு பாருங்க, கல்லும் மணலும் போக எங்க டேங்க்ல 35 லிட்டர் தண்ணி தான். தினமும் ஒரு லிட்டர் தண்ணி மட்டும் ஆவியா போகுது, அதுல இருந்த உப்பு உள்ளயே நிக்குது. நான் மேல ஊத்தற ஒரு லிட்டர்ல 35 கிராம் உப்பு. பன்னெண்டு நாளைக்கு 420 கிராம், லிட்டருக்கு 12 கிராம் கூடுது. கிட்டத்தட்ட அதே கணக்கு தான் மீட்டர்லயும் வந்துச்சு. குறையற தண்ணிக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணி தான் ஊத்தணும், டேங்க் தண்ணியில ஒரு பகுதியை எடுத்து மாத்தும்போது மட்டும் தான் உப்பு தண்ணி. இந்த வித்தியாசம் ஒண்ணு தான், ஒரு வரியில முடியற விஷயம். புதுசா ஆரம்பிக்கறவங்களுக்குன்னு விக்கற கிட்ல இதை தலைகீழா போட்டிருக்கீங்க.

சின்ன மீனை காப்பாத்திட்டோம். ரெண்டு ரெண்டு லிட்டரா எடுத்து ஆர்.ஓ. தண்ணி ஊத்தி, ரெண்டு நாள்ல அஞ்சு தடவை, இப்ப 35ல நிக்குது. சாப்பிடுது.

இப்ப உங்க பதிலுக்கு வர்றேன். முதல்ல சாட்ல இது கஸ்டமர் மிஸ்ஹேண்ட்லிங், லைவ் ஸ்டாக்குக்கு, அதாவது மீன், நத்தை மாதிரி உயிருக்கு, நாங்க பொறுப்பில்லைன்னாங்க. 11ஆம் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பினதும் சாட் க்ளோஸ் ஆயிடுச்சு. மே 22 போன்ல பேசின சார் ரொம்ப மரியாதையா தான் பேசினார், ஆனா அவர் சொன்னது தான் எனக்கு இன்னும் பெரிய அதிர்ச்சி. விஷயத்தை இதோட விட்டுடுங்க மேடம், ராமேஸ்வரத்துல இருந்து ஒரிஜினல் லைவ் ராக் (கடல்ல இருந்து எடுக்கற பவளப்பாறை துண்டு) ரெண்டு கிலோவும், ரெண்டு பீஸ் கல் பவளமும் ஃப்ரீயா அனுப்பறோம்ங்கறார். சார், கல் பவளம் எல்லாமே 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல அட்டவணை 1ல இருக்கு, 2001லயே சேர்த்தாச்சு, புலி இருக்கற அதே அட்டவணை. ராமேஸ்வரத்துல இருந்து தூத்துக்குடி வரைக்கும் மன்னார் வளைகுடாவோட 21 தீவும் 1986ல இருந்து கடல் தேசிய பூங்கா. எங்க ஊர் பக்கம் ஒரு காலத்துல படகு படகா பவளக்கல்லை வெட்டி சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் எடுத்துட்டு போயிருக்காங்க, அந்த 21 தீவுல பூவரசன்பட்டி, விலாங்குசல்லின்னு ரெண்டு இப்ப தண்ணிக்குள்ள போயிடுச்சு. எங்கப்பா வயசு ஆளுங்க அதை கண்ணால பார்த்தவங்க. கடல்ல இருந்து எதையும் எடுக்கலைன்னு நீங்க போட்டதை பார்த்து தான் நான் காசு குடுத்தேன், அதே கம்பெனி என் வாயை அடைக்க அதே பவளத்தை குடுக்கறேன்னா நான் என்னன்னு எடுத்துக்கறது. எனக்கு அது வேண்டாம், யாருக்கும் அனுப்பாதீங்க. அது நிஜமாவே உங்ககிட்ட இருக்கா, இல்லை அவர் சும்மா சொன்னாராங்கறதுக்கு எழுத்துல பதில் வேணும், இல்லைன்னா வனத்துறைக்கு தகவல் குடுக்கறதை தவிர எனக்கு வேற வழி இல்லை.

நான் கேட்கறது இது தான். அந்த 11ஆம் பக்கத்தை இன்னைக்கே திருத்துங்க, ஏற்கனவே கிட் வாங்கின எல்லாருக்கும் வாட்ஸ்அப்லயும் மெயில்லயும் தமிழ்லயே அனுப்புங்க, குறையற தண்ணிக்கு நல்ல தண்ணி தான்னு பெரிய எழுத்துல. கோடைக்கு ஃபேன் எப்படி வெக்கறது, ஹைட்ரோமீட்டரை எப்படி கழுவறதுங்கறதையும் சேருங்க, நங்கநல்லூர் அண்ணன் காசு எதுவும் வாங்காம எழுதித் தர தயாரா இருக்கார், நான் கேட்டுட்டேன். வேலை செய்யாத ஹைட்ரோமீட்டருக்கும், தேவையே இல்லாத ஹீட்டருக்கும் பணத்தை திருப்பி குடுங்க. மீனுக்கு 900, நத்தைக்கு 450, அதோட பில்லு இருக்கு. பொண்ணு அழுததுக்கெல்லாம் நான் காசு கேட்கலை.

ரெண்டு வாரம் பார்ப்பேன். நுகர்வோர் பாதுகாப்பு சட்டம் 2019ல 84ஆவது பிரிவு இருக்கு, பொருளை சரியா பயன்படுத்தறதுக்கு போதுமான விளக்கம் குடுக்கலைன்னா தயாரிச்சவங்க பொறுப்புன்னு. பதில் வரலைன்னா முதல்ல 1915 ஹெல்ப்லைன், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஆனா என் முதல் கோரிக்கைக்கு மட்டும் ரெண்டு வாரம் எடுத்துக்காதீங்க சார், வெயில் இன்னும் குறையலை, இதே கிட் வாங்கின யாரோ இன்னைக்கு காலையிலயும் உப்பு தண்ணி ஊத்தியிருப்பாங்க.

11ஆம் பக்கம் போட்டோ, ரெண்டு மீட்டரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எடுத்த வீடியோ, பில்லு, சாட் ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் இணைச்சிருக்கேன். போன் பண்றதா இருந்தா சாயந்திரம் ஆறு மணிக்கு மேல பண்ணுங்க.

இப்படிக்கு,
மடிப்பாக்கத்துல இருந்து உங்க வாடிக்கையாளர்