குப்பிக்குள் என்ன இருக்கிறது? பெப்டைடு கலவை விற்போருக்கு வேலூரிலிருந்து ஒரு திறந்த மடல்

ஆய்வகங்களுக்குப் பெப்டைடு கலவைகளைத் தயாரித்தும் தருவித்தும் விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

யாரையும் பெயர் சொல்லிக் குறை கூற இதை எழுதவில்லை. எங்கள் சோதனையைக் குழப்பிய அந்தக் குப்பியை அனுப்பியவர்களுக்குப் படித்தவுடனே புரியும். மற்றவர்களும் இதே மாதிரிதான் லேபிள் ஒட்டுகிறீர்கள் என்பதால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான்: கலவையில் உள்ள ஒவ்வொரு பெப்டைடுக்கும், அதாவது அமினோ அமிலங்களைக் கோத்த ஒவ்வொரு சிறு சங்கிலிக்கும், அமினோ அமில வரிசை என்ன, மூலக்கூறு எடை என்ன, எத்தனை மில்லிகிராம் என்று பேட்ச் வாரியாகத் தனித்தனியே எழுதிக் கொடுங்கள்.

எங்கள் லேபில் காயம் ஆறுவது பற்றிய வேலை. பிளேட்டில் நிறைய வளர்ந்த செல்களுக்கு நடுவே பிப்பெட் முனையால் ஒரு கோடு கிழிப்போம். இரண்டு கரைச் செல்களும் நகர்ந்து வந்து அந்தக் கோட்டை எவ்வளவு சீக்கிரம் மூடுகின்றன என்று 24 மணி நேரம் படம் எடுப்போம். பிபிசி-157, டிபி-500 என்ற இரண்டு பெப்டைடுகள் ஐந்தைந்து மில்லிகிராம் என்று போட்டிருந்த உங்கள் கலவையைத்தான் பயன்படுத்தினோம். முதல் பேட்சில் கோடு அழகாக மூடியது. ஜனவரியில் புதுப் பேட்ச் வந்தது. அதே அளவு, அதே செல், அதே கை. கோடு வாயைப் பிளந்தபடியே நின்றது.

செல்லில் கோளாறு என்று நைட்ரஜன் தொட்டியிலிருந்து புதுச் செல்லை எடுத்து வளர்த்தேன். செல்லுக்கு ஊட்டும் சீரத்தை மாற்றினேன். இன்குபேட்டரைக் கழுவித் துடைத்தேன். "உன் கைதான் நடுங்குகிறது" என்றார் கைடு. அதையும் நம்பி, வெறும் பிளேட்டில் கோடு கிழித்துப் பழகினேன். நான்கு மாதம் போனது. கடைசியில் ஃப்ரீசரில் ஒட்டிக்கொண்டிருந்த பழைய பேட்ச் மிச்சத்தையும் புதியதையும் சென்னையிலுள்ள சிநேகிதியிடம் கொடுத்து, மூலக்கூறு எடையைக் காட்டும் மாஸ் ஸ்பெக் கருவியில் போட்டோம். பிபிசி இரண்டிலும் ஒழுங்காக 1,419 டால்டனில் இருந்தது. பழையதில் இன்னொன்று 4,963. அதாவது 43 அமினோ அமிலமும் கொண்ட முழுத் தைமோசின் பீட்டா-4. புதியதில் அந்தப் பக்கமே காலி. 889-ல் ஒன்று நின்றது: அதே தைமோசினிலிருந்து வெட்டிய, ஏழே அமினோ அமிலமுள்ள துண்டு. லேபிள் மட்டும் இரண்டிலும் ஒன்றே. டிபி-500, 5 மி.கி.

போனில் கேட்டபோது, "ரெண்டையுமே டிபி-500ன்னுதான் மேடம் சொல்வாங்க" என்றீர்கள். சரி, சொல்லட்டும். எடை மாறாமல் மூலக்கூறு எண்ணிக்கை ஐந்தரை மடங்கு மாறுகிறதே, அதை யார் சொல்வது? சான்றிதழில் 'தூய்மை 99 சதவீதம்' என்று ஒரே வரி. எதனுடைய தூய்மை? தூய்மை 99 என்றால் பொடியில் 99 பங்கு பெப்டைடு என்று ஆகிவிடாது, ஈரமும் தயாரிப்பில் ஒட்டிக்கொள்ளும் டி.எஃப்.ஏ. உப்பும் அந்த எடைக்குள்தான் உட்கார்ந்திருக்கின்றன. இது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

கதம்பம் வாங்கினால் மல்லி எது, மரிக்கொழுந்து எது என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். உங்கள் குப்பியில் இருப்பதெல்லாம் வெள்ளைப் பொடி. அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோக்கும் வழியை வேதியியலாளர் மெரிஃபீல்டு 1963-ல் காட்டினார், 1984-ல் அதற்கு நோபல் வாங்கினார். கோக்கத் தெரிந்த உங்களுக்கு, எத்தனை மணி கோத்தோம் என்று எழுதவா தெரியாது?

'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று மட்டும் மறக்காமல் அச்சடிக்கிறீர்கள். அப்புறம் விளம்பரத்தில் மூட்டுவலி, தசைநார், பயில்வான் படம். எந்த எலி ஜிம்முக்குப் போகிறது? போன வாரம் சத்துவாச்சாரி டீக்கடையில் ஒரு பையன், "அக்கா, உங்க லேப்ல பிபிசி இருக்காமே, ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்டான். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2022-லிருந்து அதைத் தடைப்பட்டியலில் வைத்திருப்பது அவனுக்குத் தெரியாது. எனக்கே உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பொடியை அவன் ஊசியில் ஏற்றிக்கொள்ளக் கேட்கிறான்.

தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை என்று எங்கள் ஊரைக் கிண்டல் செய்வார்கள். சாமிகூட 1981-ல் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். உங்கள் குப்பியில் முழுத் தைமோசின் எப்போது திரும்பும்?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். தனித்தனியாக வாங்கி நீங்களே கலந்துகொள்ளலாமே என்பீர்கள். இனி அப்படித்தான் செய்யப்போகிறோம். ஆனால் கலந்து விற்பதை நீங்கள் நிறுத்தப்போவதில்லை, வாங்கும் மற்ற லேப்களும் இருக்கின்றன. அதனால் தயவுசெய்து ஒவ்வொரு பெப்டைடுக்கும் தனித் தாள் வையுங்கள்: வரிசை, மூலக்கூறு எடை, அளவு, அந்தப் பேட்சுக்கே எடுத்த மாஸ் ஸ்பெக் படம். பழைய படத்தை நகலெடுத்துப் போட வேண்டாம்.

உங்கள் அடுத்த குப்பி ஒன்று எங்கள் மைனஸ் 20 ஃப்ரீசரில் மூடி திறக்காமல் இருக்கிறது. பேட்ச் எண்ணை மெயிலில் அனுப்பியிருக்கிறேன். அதற்குரிய இரண்டு தாள்களையும் அனுப்பி உதவுங்கள். வந்த பிறகு திறக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வு மாணவி,
வேலூர்.