டமாரா பெயர்களில் உதிர்ந்த மெய்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நமீபியாவின் டமாரா மக்கள் பற்றிய கட்டுரையில் பெயர்கள் எல்லாம் சொடக்கொலி, அதாவது நாவைச் சொடுக்கி எழுப்பும் மெய்யொலி, இழந்து அச்சாகியுள்ளன. 2007இல் உலக மரபுச் சின்னமான ட்வைஃபல்ஃபொன்டைன் பாறைச் செதுக்கல் தலத்தின் டமாரா பெயர் 'உய்-அய்ஸ்' என்று வந்திருக்கிறது. அதன் இரு பகுதிகளுமே சொடக்கொலியில் தொடங்குபவை. சொடக்கொலி முழு மெய். 'கண்ணன்' என்ற பெயரை 'அண்ணன்' என்று அச்சிட்டால் பொறுப்போமா?

இந்த ஒலி எழுவது இப்படி: நாவின் பின்பகுதி மெல்லண்ணத்தை அடைக்க, முன்பகுதியும் அடைத்துக்கொள்ளும். நடுநாவைக் கீழிழுத்தால் இடையில் சிக்கிய காற்றின் அழுத்தம் குறையும். முன்னடைப்பைத் திறந்ததும் ஒலி வெடிக்கும். பல்லருகே திறந்தால் நாம் உச்சுக் கொட்டும் அதே ஒலி. அதை எழுதும் குறி ஒற்றைச் செங்குத்துக் கோடு. கடைவாய்ப் பக்கம் திறந்தால் இரட்டைக் கோடு. நுனிநாவை மேல்பல்லுக்குப் பின்னுள்ள மேட்டிலிருந்து சட்டென இறக்கினால் ஆச்சரியக்குறி வடிவம். நாவைத் தட்டையாக வல்லண்ணத்தில் ஒட்டி எடுத்தால் இரு குறுக்குக் கோடிட்ட செங்குத்துக் கோடு. ஒவ்வொன்றுக்கும் ஐந்து வகை, ஆக 20 மெய்கள். பழகுவோர் ஒலியை எழுப்பிவிட்டு நின்று உயிரைத் தனியே சொல்வார்கள். இரண்டும் ஒரே அசையாக வர வேண்டும்.

எழுத்துமுறையில் ஒரு பொறி உண்டு. குறியை அடுத்து வரும் 'ஜி' (g) என்ற ரோமன் எழுத்துக்குக் ககர ஒலி கிடையாது. அது வெறும் சொடக்கைக் காட்டுகிறது. எழுத்தே வராவிட்டால்தான் தொண்டையடைப்பு, அதாவது குரல்வளையை ஒரு கணம் அடைப்பது, சேரும். டமாரா மன்னராக இருந்த ஜஸ்டஸின் குடும்பப் பெயர் இரட்டைக் கோடும் 'ஜி'யுமாகத் தொடங்கும். அதைக் 'காரோயெப்' என எழுதும்போது இருக்கும் மெய் போய், இல்லாத மெய் வந்துவிடுகிறது.

விசைப்பலகையின் ஆச்சரியக்குறியையும் சாய்கோட்டையும் கொண்டு ஒப்பேற்ற வேண்டாம். கணினி அவற்றை நிறுத்தக்குறியாக எண்ணிச் சொல்லை உடைக்கும், தேடலும் தவறும். ஒருங்குறியில் நான்குக்கும் தனி எழுத்துகள் உள்ளன. தமிழ் எழுத்துருவில் கட்டமாகத் தெரிந்தால் அந்தக் குறிக்கு மட்டும் ஜென்டியம் அல்லது சாரிஸ் எழுத்துருவை இடலாம்.

டமாராக்கள் தம் மொழியை நாமா என்ற வேறொரு இனத்தவரிடம் பெற்றதாகக் கட்டுரை உறுதியாகச் சொல்வதும் சரியல்ல. அது ஓர் ஊகம், அவர்களுக்கு வேறு மொழி இருந்ததற்குத் தடயம் கிடைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகளைக் கையாளும்போதும் கவனம் வேண்டும். அவற்றில் 'மாட்டு டமாரா' என்போர் ஹெரெரோ என்ற வேறு இனத்தவர். இன்றைய டமாராக்கள் 'மலை டமாரா' எனப்பட்டோர். கட்டுரையாளர் இருவரையும் ஒன்றாக்கியிருக்கிறார். அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர், மதுரை